பாதி சொன்ன பாடம்

(குறுவள மையக் கூட்டத்தில் பேசியது)



திருநீர்மலையில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒருநாள் வைட்டமின்கள் பாடம். வைட்டமின் கே குறைந்தால் இரத்தம் எளிதில் உறையாது என்று விளக்கிவிட்டு, "வீட்டில் எல்லோரையும் தினமும் நிறையக் கீரை சாப்பிடச் சொல்லுங்கள்" என்றேன்.

சில வாரம் கழித்து ஒரு மாணவியின் அம்மா வந்தார். "டீச்சர், நீங்க சொன்னீங்கன்னு பாப்பா அடம்பிடிச்சு, அவங்க அப்பாவுக்குத் தினமும் முருங்கைக்கீரைதான். இப்ப டாக்டர் கோவிச்சுக்கிறாரு" என்றார்.

அவருக்குச் செயற்கை இதய வால்வு பொருத்தியிருக்கிறது. அதில் இரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். வார்ஃபரின், அசெனோகுமரால் போன்ற அந்த மாத்திரைகள் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்தே பலன் தருகின்றன. கீரை திடீரெனக் கூடியதும் மாத்திரையின் பலன் குறைந்துவிட்டது. வழக்கமான இரத்தப் பரிசோதனையில் தெரிந்ததால் ஆபத்து நீங்கியது.

நான் சொன்னது பொய்யல்ல, பாதிதான் சொன்னேன். மீதியை இன்று சொல்கிறேன்.

டென்மார்க்கின் ஹென்ரிக் டாம், கொழுப்பு நீக்கிய தீவனம் தின்ற கோழிக்குஞ்சுகளுக்கு இரத்தக்கசிவு வருவதைக் கண்டார். அதைத் தடுக்கும் பொருளுக்கு 1935இல் வைட்டமின் கே எனப் பெயரிட்டார். உறைதலைக் குறிக்கும் 'கோயகுலேஷன்' அவர் மொழியில் 'கே' எழுத்தில் தொடங்கும். 1943ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசை எட்வர்ட் டாய்சியுடன் பகிர்ந்துகொண்டார்.

இந்த வைட்டமின் ஊசியாகக் கட்டாயம் தேவைப்படுவது பச்சிளங்குழந்தைக்கு. தாயிடமிருந்து கருவுக்குச் செல்வது குறைவு, தாய்ப்பாலிலும் குறைவு. அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. பிறந்தவுடன் தொடையில் போடும் 1 மில்லிகிராம் ஊசி, மூளையில்கூட ஏற்படக்கூடிய இரத்தக்கசிவைத் தடுக்கிறது. "பிறந்த பிள்ளைக்கு ஊசியா?" என்று தயங்கும் பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள்.

நலமாக இருக்கும் மற்றவர்களுக்கு மாத்திரை வேண்டாம். முருங்கை, அரைக்கீரை, பசலை போதும். கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தாளித்தால் உடம்பில் நன்றாகச் சேரும்.

மேலே சொன்ன மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையை விடவும் வேண்டாம், திடீரெனக் கூட்டவும் வேண்டாம். வாரந்தோறும் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். மாற்றுவதானால் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இப்போது அந்தப் பாடத்தின் முடிவில் ஒரு வரி சேர்க்கிறேன்: "வீட்டில் யாராவது இரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்களா? கேட்டுவிட்டுக் கீரையைப் பற்றிப் பேசுங்கள்." பதிலை வகுப்பில் சொல்ல வேண்டியதில்லை, வீட்டில் கேட்டால் போதும்.

நாம் வகுப்பில் சொல்வது அன்றைக்கே அடுப்படிக்குப் போய்விடுகிறது. ஆகவே முழுதாகச் சொல்வோம்.