கல்லிற் பொறித்த பெயர்

(குடமுழுக்கு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)



திருப்பணியின்போது கோயிற் சுவரில் பல்லாண்டுகளாகப் படிந்த சுண்ணாம்பை அகற்றினால் இருவகை எழுத்துக்கள் வெளிப்படுவதுண்டு. ஒன்று, உளிகொண்டு வரிசைபட வெட்டிய சாசனம். மற்றொன்று, வந்து போவோர் ஆணியாலும் கரியாலும் கீறிச் சென்ற பெயர். முன்னதைப் பெரியோர் படியெடுத்துப் போற்றுவர். பின்னதைக் கண்டு மனம் நோவர். ஆயினும் இவ்விரண்டையும் எழுதுவித்த ஆசை வேறு வேறுதானா என்பது சிந்தித்தற்குரியது.

தான் இருந்தமைக்கு ஓர் அடையாளம் வைத்துச் செல்ல விழைதல் மனிதப் பிறவியோடு ஒட்டிய பழக்கம். எகிப்து நாட்டு அபு சிம்பெல் என்னுமிடத்தில், இரண்டாம் இராம்சேசு மன்னனின் பேருருவச் சிலையின் காலிலே, கி. மு. 6ஆம் நூற்றாண்டில் படையோடு அவ்வழிச் சென்ற கிரேக்க வீரர் தம் பெயர்களை வெட்டி வைத்தனர். மதுரையை அடுத்த மாங்குளத்திலும் 2,000 ஆண்டுகட்கு முற்பட்ட பெயர்கள் பாறையில் உள்ளன. ஆனால் அவை துறவியர்க்கு உறையுள் அமைத்துக் கொடுத்தோர் பெயர்கள். வீரர் எழுத்து அவர்கள் வந்தமையைக் கூறும். மாங்குளத்து எழுத்து ஒருவர்க்கு ஒருவர் ஈந்தமையைக் கூறும்.

இக்காலத்தில் டியூப் லைட்டின்மேல் 'உபயம்' என்று பெயரும் ஊரும் பெரிதாக எழுதி, விளக்கின் ஒளியில் ஒரு பகுதியை அவ்வெழுத்தே விழுங்கிவிடுவதைக் கண்டு நகைப்பார் உளர். நகைத்தல் எளிது. பெயர் பொறித்தலே குற்றமாயின், தஞ்சைப் பெரிய கோயிலை என்னென்பது?

இராசராச சோழன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் (கி. பி. 1010) அவ்விமானத்துக்குச் செப்புக் குடம் ஈந்தான். தான் கொடுத்தவற்றையும், தமக்கையார் குந்தவைப் பிராட்டியார் கொடுத்தவற்றையும், தேவியர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். அம்மட்டில் நின்றிருப்பின் அது அரசகுலப் பெருமையாய் முடிந்திருக்கும். அவனோ, பிறர் கொடுத்தவற்றையும் உடன் வெட்டுக என்றான். ஆதலின் அச்சுவர்களில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர், அவர்கள் வந்த தளி, குடியிருந்த சிறகு, வீட்டின் முறை யாவும் இன்றும் படிக்கக் கிடக்கின்றன. விளக்கேற்றுவோன், குடை பிடிப்போன், வண்ணான், நாவிதன் ஆகியோர்க்கும் அக்கல்லில் இடமுண்டு. ஆயிரம் ஆண்டு கழிந்தும் ஒரு நாவிதன் பெயர் அழியாதிருப்பது எத்தனை அரசர்க்கு வாய்த்தது!

இன்னும் ஒன்று நோக்குக. ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையன் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். கொடுத்தவன் பெயர், பெற்றவன் பெயர், அளவு மூன்றும் கல்லில் ஏறின. அது புகழுக்கு எழுதியது என்பதினும் கணக்குக்கு எழுதியது என்பதே பொருந்தும். பின்வருவோர் படித்து, 'இன்று நெய் வந்ததா?' என்று கேட்கத்தானே கல்லை நாடினர்! அதனாலன்றோ சாசனத்தின் இறுதியில், அறத்தைக் காக்க வரும் அன்பரின் அடியைக் கொடுத்தவன் தன் தலைமேற் கொள்கின்றான். பெயர் மேலே, தலை கீழே.

காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலில் இராசசிம்ம பல்லவனுடைய விருதுப் பெயர்கள் 200க்கு மேல், சுற்றுச் சிற்றாலயங்கள்தோறும் அழகுற வெட்டப்பட்டுள்ளன. சேக்கிழார் பெருமான் கூறும் காடவர்கோமான் இவனே என்பது அறிஞர் பலர் கருத்து. அவன் கற்றளிக்குக் குறித்த நாளிலேதான் திருநின்றவூர்ப் பூசலார் தம் உள்ளத்தெழுப்பிய கோயிலுக்கும் நாட்குறித்திருந்தார். இறைவன் அரசன் கனவில் தோன்றி நாளை மாற்றிக்கொள்ளப் பணித்தான். அரசன் நின்றவூரை அடைந்து, "பூசலார் எடுத்த கோயில் யாது?" என வினவியபோது, அவ்வூரார்க்குக் காட்ட ஒரு செங்கல்லும் இல்லை. அன்பரை அடையாளங் கண்டவன் 200 பெயருடைய அரசனே. அவரடியில் வீழ்ந்தவனும் அவனே.

இனி ஆணியாற் கீறுவாரைப் பற்றி நெடிது பேசவேண்டுவதில்லை. பாதுகாக்கப்பட்ட பழஞ்சின்னங்களைச் சிதைப்பார்க்கு 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இரண்டாண்டு வரை சிறையும், ஓரிலக்கம் ரூபாய் வரை தண்டமும் விதித்துள்ளது. அவர் செயலினும் அஞ்சத்தக்கது வேறுண்டு. நல்ல நெஞ்சத்தோடு திருப்பணி செய்வோர் பழஞ்சாசனத்தின்மேல் வழவழப்பான புதுக்கல் பதித்து, அதில் தம் பெயர் எழுதுவதே அது. சிறுவன் கீறிய கீற்றின் அடியில் பழைய எழுத்தைக் கூர்ந்து படித்துவிடலாம். புதுக்கல்லின் பின்னே போனதை யார் படிப்பார்?

கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவியார் செங்கல் தளிகள் பலவற்றைக் கற்றளியாக்கியவர். திருநல்லத்துத் திருக்கோயிலைத் தம் பெயரால் அன்றிக் கணவர் திருப்பெயரால் எடுப்பித்தார்; அவர் பணிப்பப் பணிசெய்த ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் பெயரும் அங்கே கல்லில் உள்ளது. திருக்கோடிகாவில் பழைய கோயிலைக் கற்றளியாக்கியபோது, முந்தைய கற்களில் இருந்த சாசனங்களை அவர் காலத்தார் படித்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டினர். பல்லவர் காலத்தில் விளக்குக்கும் அமுதுபடிக்கும் கொடுத்தோர், அரசியாரோடு எவ்வகை உறவும் இல்லாதார், அவ்வாறு அச்சுவரில் மீண்டும் இடம் பெற்றனர். இவை பழங்கல்லில் இருந்தபடி எழுதியவை என்னும் குறிப்பும் அக்கல்லிலேயே காணப்படுகிறது.