பெயர் ஒன்று, பொருள் இரண்டு



பிள்ளைகளுக்குக் கணினி வாங்கிக் கொடுக்க விரும்பும் பெற்றோர் ஆசிரியர்களை நாடி வினவும் வினாக்களுள், "எந்த வரைகலை அட்டை நல்லது?" என்பதும் ஒன்றாகிவிட்டது. கடைத்தெருவிலே 'கிறாபிக்ஸ் காட்' என்று வழங்கும் பொருளையே இங்கு வரைகலை அட்டை என்கிறேன். இரண்டு அட்டைகளின் ஆற்றலை ஒப்பிட்டறிவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள். கலைத்துறையிற் பயின்றவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஒப்பீடு என்பது எல்லாக் கல்விக்கும் பொதுவான கருவியாதலின், இதனைப் பேசத் துணிந்தேன்.

கணினித் திரையில் நாம் காணும் அசைவு, அடுத்தடுத்து வரையப்படும் நிலைப்படங்களின் தொடராகும். திரைப்படத்திலே செக்கனுக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கணினி விளையாட்டிலோ செக்கனுக்கு 60 படங்கள் வந்தாற்றான் அசைவு இழைந்து தோன்றும் என்பர். அப்படங்களைக் கணித்து வரைவதே வரைகலை அட்டையின் தொழில். ஆகவே, குறித்த ஒரு வேலையில் செக்கனுக்கு எத்தனை படங்களை வரைகிறது என்பதே அதன் ஆற்றலுக்கு முதல் அளவுகோல்.

இனி, இரண்டு அட்டைகளை எடுத்துக்கொள்வோம். என்விடியா நிறுவனம் 2017ஆம் ஆண்டு ஜீஃபோஸ் ஜீ.ரீ. 1030 என்னும் சிறிய அட்டையை வெளியிட்டது. விலை குறைவு, மின்சாரத்துக்குத் தனியே ஒரு வடம் வேண்டியதில்லை. ஆதலால் பழைய கணினிக்குப் புத்துயிர் கொடுக்க விரும்பியோர் பலர் அதனை நாடினர். 2018ஆம் ஆண்டில் அதே பெயருடன் இன்னோர் அட்டையும் கடைக்கு வந்தது. இரண்டிலும் 384 கணிப்புக் கருக்கள். இரண்டிலும் 2 கிகாபைற் நினைவகம். உள்ளிருக்கும் கடிகாரத் துடிப்பின் உச்ச வேகம் முன்னதில் 1,468 மெகாஹேட்ஸ், பின்னதில் 1,379 மெகாஹேட்ஸ். வேற்றுமை நூற்றுக்கு ஆறளவே. இவ்வளவையும் பார்த்தவர், இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்று முடிவு செய்வது இயல்பு.

ஆனால், வேற்றுமை நினைவகத்தின் வகையில் இருந்தது. முன்னதில் ஜீ.டீ.டீ.ஆர். 5 என்னும் வகை, பின்னதில் டீ.டீ.ஆர். 4 என்னும் வகை. முன்னதன் நினைவகத்திலிருந்து செக்கனுக்கு 48 கிகாபைற் தரவு பாயும், பின்னதிலிருந்து 16.8 கிகாபைற் மட்டுமே பாயும். அதாவது, மூன்றிலொரு பங்குக்குச் சற்றே கூடுதலான அளவு.

இதனை எங்கள் தொண்டைமானாற்றைக் கொண்டே விளக்கலாம். மாரியிலே கடல்நீரேரி நிறைந்து நிற்கும்போது, மிகைநீரைக் கடலுக்கு விடத் தடுப்பணையின் கதவுகளைத் திறப்பார்கள். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நீர் வெளியேறும் என்பதை ஏரியின் பரப்பு மாத்திரம் தீர்மானிப்பதில்லை. கதவுகளின் அகலமும் அவற்றினூடு பாயும் நீரின் வேகமுமே தீர்மானிக்கின்றன. இரு அட்டைகளிலும் 2 கிகாபைற் நினைவகம் என்பது ஏரி. அந்த ஏரி இரண்டிலும் ஒரே அளவினது. கதவின் அகலமும் 64 பிற் என்று ஒரே அளவினதே. நீரோட்டத்தின் வேகம் மட்டும் வேறு. பின்னைய அட்டையிலே 384 கருக்களும் வேலைக்கு ஆயத்தமாக நின்றும், தரவு வந்து சேராமையால் வாளாவிருக்க நேரிடுகிறது. இதன் பயனாக, சோதித்துப் பார்த்தோர் பல விளையாட்டுகளில் அது முன்னையதன் பாதியளவு படங்களையே வரையக் கண்டனர்.

இங்கு 'சோதித்துப் பார்த்தோர்' என்ற சொல்லைக் கவனிக்குமாறு வேண்டுகிறேன். பெட்டியின் பெயர் சொல்லாத உண்மையைச் சோதனையே சொல்லிற்று. அச்சோதனைக்கும் சில நெறிகள் உண்டு. ஒப்பிடப்படும் அட்டைகள் இரண்டையும் ஒரே கணினியிற் பொருத்தவேண்டும். ஒரே மென்பொருளை ஒரே அமைப்பில் இயக்கவேண்டும். எங்கள் ஊர்ப் பெயர் தாங்கிய வெளிக்கள நிலையம், உயர்தர மாணவர்க்கு நடத்தும் பரீட்சைகள் வடபுலத்தார் நன்கறிந்தவை. பல பாடசாலைப் பிள்ளைகள் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுவதாலன்றோ அவர்களின் புள்ளிகளை ஒப்பிட முடிகிறது? வெவ்வேறு வினாத்தாளில் பெற்ற புள்ளிகளை வைத்து, இவன் வல்லவன், அவன் வல்லவனல்லன் என்று கூறுதல் நீதியாகாது. அட்டைகளுக்கும் அதுவே விதி.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானைச் சோறு முழுவதும் ஒரே நெருப்பில் வெந்தது. ஆதலால் அம்மொழி அங்கே பொருந்தும். வரைகலை அட்டைக்கு ஒரு சோதனை போதாது. ஒரு விளையாட்டில் முந்துவது வேறொன்றிற் பிந்தலாம். சராசரியை மட்டும் நம்புதலும் தகாது. ஒரு பாடத்தில் 100 புள்ளியும் மற்றொன்றில் 20 புள்ளியும் பெற்றவனுக்குச் சராசரி 60. இரண்டிலும் 60 பெற்றவனுக்கும் அதுவே. அதுபோல, சராசரியாகச் செக்கனுக்கு 60 படம் வரையும் அட்டை இடையிடையே 20க்கு இறங்கினால், திரையில் அசைவு இடறும். ஆகையால் நல்ல ஆய்வாளர் சராசரியோடு மிகத் தாழ்ந்த அளவையும் சேர்த்தே வெளியிடுவர்.

இன்னொன்று, எந்தப் பயனுக்கு என்பது. மேற்கூறிய இரண்டனுள் பின்னைய அட்டை 20 வாற்று மின்சாரத்தில் அமையும். முன்னையதற்கு 30 வாற்று வேண்டும். காணொளி பார்க்கவும் இரண்டாவது திரையொன்றை இணைக்கவும் மட்டுமே வேண்டுவோர்க்கு இரண்டும் ஒக்கும். காணொளியைத் தொகுத்து விரைவாகப் பதிவுசெய்ய விரும்பும் மாணவனுக்கோ இரண்டுமே உதவா. அதற்கான தனிச் சுற்று இரண்டிலும் இல்லை. சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்குரிய விரிதாள், தரவுத்தளம் முதலியவற்றைப் பயிலத் தனி அட்டையே தேவையில்லை. கணினியோடு உடன்வரும் வரைகலை வசதியே போதும். தோட்டத்தில் வெங்காயம் விற்றும் கடலில் வலை வீசியும் சேர்த்த பணம் தேவையற்றதற்குச் செல்லலாகாது. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360ஐக் கடந்ததை நாம் மறக்கவில்லை. இறக்குமதியாகும் இத்தகைய பொருளில் ஒரு தவறான தெரிவு, குடும்பமொன்றின் பல மாதச் சேமிப்பை விழுங்கிவிடும்.

ஒப்பீடு வாங்குவோனுக்கு வலிமை தரும் என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். அதே நிறுவனம் 2022 செப்டெம்பரில், ஆர்.ரீ.எக்ஸ். 4080 என்ற ஒரே பெயரில் 12 கிகாபைற், 16 கிகாபைற் என இரண்டு அட்டைகளை அறிவித்தது. வேற்றுமை நினைவகத்தின் அளவில் மட்டுமே என்று பெயர் சொல்லிற்று. உண்மையிலோ கருக்களின் தொகை முன்னதில் 7,680, பின்னதில் 9,728. ஆய்வாளரும் பொதுமக்களும் இதனை எடுத்துக்காட்டிக் கண்டித்தனர். ஒக்டோபர் 14ஆம் திகதி, அப்பெயர் குழப்பந் தருவதென ஒப்புக்கொண்டு, 12 கிகாபைற் அட்டையை நிறுவனம் மீட்டுக்கொண்டது. 899 டொலர் என்று அறிவிக்கப்பட்டிருந்த அவ்வட்டை, 2023 சனவரியில் ஆர்.ரீ.எக்ஸ். 4070 ரீ.ஐ. என்ற வேறு பெயருடன் 799 டொலருக்கு வெளிவந்தது. அறிந்து கேட்போர் பலரானால், பெரிய நிறுவனமும் செவிசாய்க்கும்.

ஆகவே, பெற்றோரே, மாணவர்களே, கடைக்குச் செல்லுமுன் மூன்று வினாக்களுக்கு விடை தேடிக்கொள்ளுங்கள். எந்த வேலைக்கு இந்த அட்டை? நினைவகம் எவ்வகையது, அதன் வேகம் என்ன? ஒரே நிலையில் நடந்த சோதனைகள் பல சேர்ந்து என்ன கூறுகின்றன? வாங்கும்போது பெயரோடு நினைவகத்தின் வகையையும் பற்றுச்சீட்டில் எழுதித் தருமாறு கேளுங்கள். வாங்குவோரைப் பிழையான வழியிற் செலுத்தும் வணிக நடத்தையை, எமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடைசெய்கிறது. அச்சட்டத்தின் துணையை நாடுவோர்க்கு எழுத்திலுள்ள சான்று பெரிதும் உதவும்.

பெயரைக் கேட்டு மதிப்பிடுதல் எளிது. அளந்து மதிப்பிடுதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டால், நாளை எந்தப் புதிய கருவி சந்தைக்கு வந்தாலும் அவர்கள் ஏமாறார்.