மணி அடித்தபின் மாறும் மொழி

(இயக்கக் கிளைக்கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துப்படி)



தமிழகத்தில் எந்த நடுத்தர ஊருக்குள் நுழைந்தாலும், ஊரின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை நின்று வரவேற்பதைக் கண்டிருப்பீர்கள். 24 பற்களும் 6 ஆரக்கால்களும் கொண்ட பல்லுருளை ஒன்று அதில் வரையப்பட்டிருக்கும். அது உரோட்டரி எனப்படும் சுழற்கழகத்தின் அடையாளம். சற்றுத் தள்ளி, எதிரெதிர்த் திசை நோக்கும் இரண்டு அரிமாத் தலைகள் இருக்கும். அது அரிமா சங்கத்தின் பலகை. இக்கழகங்களின் தொண்டைப் பழிப்பதற்காக இன்றைய பேச்சு அமையவில்லை. கண்புரை நீங்கி ஒளிபெற்ற முதியோரும், உரிய நேரத்தில் குருதி கிடைத்து உயிர் தப்பிய தாய்மாரும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டு அத்தொண்டைக் குறைத்துப் பேசுபவன் நன்றி கொன்றவன் ஆவான். இன்றைய பேச்சு அக்கழகங்களின் கிழமைக் கூட்டத்தைப் பற்றியது. அதிலும், சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்து பேசிய ஒரு கூட்டத்தைப் பற்றியது.

முதலில் சுழற்கழகத்தின் பிறப்பைச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. 1905ஆம் ஆண்டு பிப்பிரவரி 23ஆம் நாள், அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரில், பால் ஆரிசு என்னும் வழக்கறிஞர் நண்பர் மூவரோடு கூடி அமர்ந்தார். ஒருவர் நிலக்கரி வணிகர், ஒருவர் சுரங்கப் பொறியாளர், மற்றொருவர் தையற்காரர். ஒரு முறை ஒருவர் அலுவலகத்திலும் மறுமுறை இன்னொருவர் அலுவலகத்திலுமாகக் கூட்டம் சுழன்று சுழன்று நடந்தமையால் அப்பெயர் ஏற்பட்டது. ஆகவே சுழற்கழகம் என்னும் தமிழ்ப்பெயர் வரலாற்றுப் பொருத்தம் உடையது. எவரோ மனம்போன போக்கில் இட்டது அன்று. அந்நால்வருள் ஒருவர் தையற்காரர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது வேண்டியிருக்கும்.

1919இல் கல்கத்தாவிலும் 1929இல் சென்னையிலும் சுழற்கழகம் தோன்றியது. அன்று ஆட்சி ஆங்கிலேயருடையது. வெள்ளை வணிகரும் இந்நாட்டவரும் ஓரிடத்தில் அமர்ந்து பேசி உண்ண வேண்டுமானால் ஆங்கிலம்தான் பொதுமொழியாக இருந்திருக்க முடியும். அக்கரணியம் அன்றைக்குச் செல்லும். வெள்ளையர் கப்பலேறி முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. கழகமும் சென்னையைத் தாண்டி வட்டத் தலைநகர்களுக்கும் பேரூர்களுக்கும் வந்துவிட்டது. கூட்டத்தின் மொழி மட்டும் 1929இலேயே நிற்கிறது.

நெல் விளையும் வட்டாரத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டா, பல ஊர்களில் இதுவே நடப்பு. செவ்வாய்க்கிழமை மாலை ஏழரை மணி. திருமண மண்டபத்து மாடியில் மருத்துவர், அரிசி ஆலைக்காரர், நகைக்கடைக்காரர், கணக்குத் தணிக்கையாளர், உரக்கடைக்காரர், வழக்கறிஞர் என நாற்பது பேர் கூடியிருந்தனர். மணி அடிக்கும்வரை அவர்கள் பேசிக்கொண்டிருந்தது தமிழே. 'மாமா, பெண்ணுக்கு இடம் அமைந்ததா?', 'அண்ணே, நெல் என்ன விலை போகிறது?' என்று காதுக்கு இனிய வீட்டுத்தமிழ். தலைவர் தம் பொறுப்புக்குரிய கழுத்தணியை அணிந்துகொண்டு, முன்னிருந்த வெண்கல மணியைச் சிறு சுத்தியலால் ஓர் அடி அடித்தார். அந்த ஓர் அடியில் நாற்பது பேரின் மொழியும் மாறிவிட்டது. அண்ணன் 'ரொட்டேரியன்' ஆனார். மாமா 'பாசுட்டு பிரசிடென்ட்டு' ஆனார். மணியை வார்த்த கன்னான் அதற்குள் என்ன மாயம் வைத்தானோ!

1970 முதல் அரசு விழாக்களில் பாடப்பெற்று, 2021 திசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பெற்ற தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எல்லாரும் எழுந்து நின்றார்கள். பாட்டு முடிந்து அவர்கள் அமர்ந்தபோது அவர்களோடு தமிழும் அமர்ந்துவிட்டது. பிறந்தநாள் வாழ்த்து, மணநாள் வாழ்த்து, செயலாளர் அறிவிப்பு யாவும் ஆங்கிலத்தில் நடந்தன.

அடுத்து நன்கொடை. கணவனை இழந்த ஒரு பெண்ணுக்குத் தையற்பொறி வழங்குவதாக ஏற்பாடு. அவர் முன்வரிசை ஓரத்தில், நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தார். உறுப்பினர் ஒருவர் எழுந்து அவரைப் பற்றிய குறிப்பை ஆங்கிலத்தில் படித்தார். கணவன் எப்படி இறந்தான், எவ்வளவு கடன் வைத்துப் போனான், பிள்ளைகள் எத்தனை பேர், வீட்டில் அடுப்பெரியாத நாள்கள் எத்தனை என்று வரிசையாகப் படித்தார். ஒரு பெண்ணின் வாழ்வு அவர் கண்ணெதிரே நாற்பது ஆடவர்முன் விரித்துக் காட்டப்பட்டது. தம் பெயரைத் தவிர ஒரு சொல்லும் அவருக்கு விளங்கவில்லை. எல்லாரும் கைதட்டியபோது அவரும் புன்னகை செய்து கைதட்டினார். அன்பர்களே, தம் கணவனின் சாவைப் பற்றிய குறிப்புக்குத் தாமே கைதட்டும் நிலையில் ஒரு தமிழ்ப்பெண்ணை நிறுத்தியது எது? அங்கிருந்தவர்களின் கொடுமையா? இல்லை. அவர்கள் இரக்கம் உள்ளவர்கள். இரக்கம் இருந்ததால்தான் பொறி வாங்கிக் கொடுத்தார்கள். படித்தது தமிழில் ஆகியிருந்தால், அக்குறிப்பை எழுதியவரே பாதி வரிகளை அடித்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவற்றைச் சொல்ல நா எழுந்திராது. ஆங்கிலத்தில் சொல்லும்போது கூச்சம் தோன்றவில்லை.

பின்னர்ச் சட்டமன்ற உறுப்பினர் பேச எழுந்தார். உழவர் குடியில் பிறந்தவர். எந்தக் கட்சி என்று கேட்க வேண்டா. இதில் கட்சிக்குக் கட்சி வேறுபாடு இல்லை. திறந்த ஊர்தியில் நின்று தெருத்தெருவாகத் தமிழில் வாக்குக் கேட்டவர். தமிழில் உறுதிமொழி ஏற்றவர். பேரவையில் தம் தொகுதி ஏரிக்காகத் தமிழில் வழக்காடியவர். அவர் தலைவர் பக்கம் குனிந்து, 'தமிழிலேயே பேசிவிடட்டுமா?' என்று கேட்டார். 'நம் கூட்டம் ஆங்கிலத்தில்தானுங்க ஐயா நடக்கும். இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறோம், படித்துவிடுங்கள் போதும்' என்று மறுமொழி வந்தது.

இவ்விடத்தில் சட்ட வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி, அன்றைய மாநிலச் சட்டமன்றங்களின் நடவடிக்கைகள் ஆங்கிலத்திலேயே நடைபெற வேண்டும். ஆங்கிலம் அறியாதவரும் போதிய அளவு அறியாதவரும் மட்டும் வேறு மொழியில் பேசலாம் என்பது விலக்கு. அதாவது, தமிழில் பேசுவது உரிமையாக இல்லை. அறியாமைக்குக் காட்டிய இரக்கமாக இருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் அமைப்புச் சட்டத்தின் 210ஆம் பிரிவு, மாநிலத்தின் ஆட்சிமொழியைச் சட்டமன்ற மொழியாக ஏற்றது. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை இம்மாநிலத்தின் ஆட்சிமொழி ஆக்கியது. கோட்டையில் உரிமையாகிவிட்ட தமிழுக்கு, ஒரு மண்டபத்து மாடியில் குனிந்து நின்று இசைவு கேட்க வேண்டியிருந்தது, கேட்டும் கிடைக்கவில்லை.

அவர் படித்தார். தலைமைப்பண்பு, இளைஞர், நாட்டு முன்னேற்றம் என எந்த ஊரிலும் எவரும் படிக்கத்தக்க இரண்டு பக்கம். ஏழு மணித்துளியில் தீர்ந்துவிட்டது. கேள்வி உண்டா என்று தலைவர் கேட்டார். எவரும் எழவில்லை. பொன்னாடையும் நினைவுப் பரிசும் வழங்கி நன்றி கூறினார்கள்.

மீண்டும் மணி அடித்தது. நாற்பது பேருக்கும் தமிழ் திரும்பி வந்தது. உணவுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். 'ஐயா, பெரிய ஏரி மதகு இந்த மழைக்குள் முடியுமா?' என்றார் அரிசி ஆலைக்காரர். 'அரசு மருத்துவமனையில் மயக்க மருத்துவர் இல்லாமல் எத்தனை தாய்மாரை மாவட்டத் தலைநகருக்கு அனுப்புவது?' என்றார் மருத்துவர். 'பேருந்து நிலையத்துக் கழிவுநீர் கடைக்குள்ளேயே வருகிறதே!' என்றார் இன்னொருவர். உறுப்பினரும் முகம் மலர்ந்து, எந்தக் கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது, எந்தப் பொறியாளரைக் கண்டால் வேலை நகரும் என்று கைகழுவும் இடத்தில் நின்றே அரைமணி நேரம் விளக்கினார். உண்மையான கூட்டம் அங்குதான் நடந்தது. ஆனால் கழகத்தின் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் ஏறியதோ அந்த இரண்டு பக்கப் பேச்சு. மதகைப் பற்றி அவர் கொடுத்த வாக்கு எங்கும் எழுதப்படவில்லை. நாளை அவர் மறந்தால், 'இன்ன நாளில் சொன்னீர்கள்' என்று காட்ட ஒரு வரி இல்லை. மொழியைப் பற்றிக் கவலைப்படாதவர்களும் இந்த இழப்பைப் பற்றியாவது கவலைப்பட வேண்டும்.

'இது உலக அமைப்பு. ஆங்கிலம் இல்லாமல் எப்படி?' என்பார்கள். சப்பானைப் பாருங்கள். 1920இல் தோக்கியோவில் சுழற்கழகம் ஏற்பட்டது. 1935இல் சப்பானியர் கழகப் பாடல்களைத் தம் மொழியிலேயே இயற்றிக்கொண்டனர். இன்றும் கூட்டங்களில் அவற்றைப் பாடுகின்றனர். போர் நெருக்கடியால் 1940இல் உலக அமைப்பை விட்டு விலக நேர்ந்தபோதும், புதன்கிழமைக் கழகம் என்ற பெயரில் கூடிவந்து, 1949இல் மீண்டும் இணைந்தனர். அவர்களை எவரும் உலகத்தினின்று தள்ளிவைக்கவில்லை. கிழமைதோறும் கூடியே ஆகவேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டையே உலக அமைப்பு 2016இல் தளர்த்திவிட்டது. தளராதது இங்குள்ளோரின் ஆங்கில மயக்கம் ஒன்றுதான்.

'தமிழர் அல்லாத உறுப்பினர் ஓரிருவர் இருக்கிறாரே' என்றும் சொல்வதுண்டு. அந்த வடபுல வணிகர் காலைமுதல் இரவுவரை கடையில் தமிழில்தான் விலை பேசுகிறார். அவர் தமிழ், மருத்துவரின் ஆங்கிலத்தைவிடத் தெளிவானது!

கழகத்தாருக்குத் தமிழின் ஆற்றல் தெரியாததும் இல்லை. இளம்பிள்ளைகளை முடமாக்கிய போலியோ நோயை ஒழிக்க உலகச் சுழற்கழகம் 1985இல் பெருந்திட்டம் தொடங்கியது. இந்தியாவில் 2011 சனவரிக்குப் பின் அந்நோய் தோன்றவில்லை. 2014 மார்ச்சு 27இல் அது ஒழிந்தமைக்குச் சான்றும் கிடைத்தது. தமிழ்நாட்டுத் தாய்மார் அந்நாள்களில் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தது எச்சொல்லைக் கேட்டு? 'சொட்டு மருந்து' என்ற இரண்டு தமிழ்ச்சொற்களைக் கேட்டு. ஒலிபெருக்கி கட்டிய ஊர்திகள் தெருத்தெருவாகச் சொன்னது அதையே. அரிமா என்ற சொல்லும் அப்படித்தான். 'அரிமா நோக்கம்' என்று நன்னூல் ஆண்ட பழஞ்சொல், 1956இல் இந்நாட்டுக்கு வந்த ஒரு சங்கத்தின் பெயராகிச் சுவரெல்லாம் விளங்குகிறது. வாயிற்பலகையில் ஏறிய தமிழுக்கு உள்ளே ஒரு நாற்காலி போடத்தான் தயக்கம். சொல் இல்லை என்றும் சொல்ல முடியாது. கூட்ட ஒழுங்கைக் கவனிப்பவரை அங்கே 'சார்சென்ட்டு அட் ஆர்ம்சு' என்கிறார்கள். சட்டப்பேரவையில் 'அவைக்காவலர்' என்னும் நல்ல சொல் வழங்குகிறதே!

நம் பக்கத்துக் குறையையும் மறைக்க வேண்டா. இத்தகைய கழகத்தார் என்றேனும் ஒரு தமிழறிஞரை அழைத்தால், அவர் போய் அங்கிருப்போர் வாயில் வந்த வடசொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் எண்ணிக் கடிந்துவிட்டு வருகிறார். அடுத்த முறை அழைப்பு வருவதில்லை. கடிந்து பேசித் தமிழ் வளர்ந்த இடம் ஒன்றும் இல்லை. அக்கழகத்தில் நான்கு கேள்விகள் உண்டு. 1932இல் எர்பர்ட்டு டெய்லர் என்பவர் வகுத்தவை. சொல்வது உண்மையா, தொடர்புடைய எல்லார்க்கும் ஒப்ப முறையானதா என்பன போன்ற அக்கேள்விகள் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளன. அவற்றையே எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். தையற்பொறி வாங்கிய அப்பெண்ணுக்கு அன்றைய கூட்டம் முறையானதாக இருந்ததா என்று பணிவாகக் கேளுங்கள். உங்கள் முதல் நால்வருள் ஒரு தையற்காரரும் உட்கார்ந்திருந்தாரே, அவரிடம் அவருக்குப் புரியாத மொழியிலா பேசினீர்கள் என்று கேளுங்கள். சினம் கொள்ள மாட்டார்கள். எண்ணிப் பார்க்கக் கூடியவர்கள்.

அன்றிரவு பொறியை வண்டியில் ஏற்றும்போது, அப்பெண் வண்டிக்காரரிடம், 'அண்ணே, மேலே என்னைப் பற்றி என்ன படித்தார்கள்?' என்று கேட்டிருக்கிறார். 'நல்லதாகத்தான் படித்திருப்பார்கள், அம்மா' என்று சொல்லிவிட்டு அவர் கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

அதே கழகத்துக்கு வரும் செவ்வாய்க்கிழமை நகராட்சித் தலைவர் பேச வருகிறார். அழைப்பிதழ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. செயலாளரை அறிந்தவர்கள் இவ்வவையில் மூவர் இருக்கிறீர்கள்; வியாழனுக்குள் அவரைக் கண்டுவிடுங்கள்.