லாபக் கணக்கில் வராத சந்தாதாரர்

பட்டம் வாங்கக் காத்திருக்கும் மாணவ மாணவியரே,

திருவான்மியூருக்குக் கூப்பிடு தூரத்தில் டைடல் பார்க். உங்களில் பலர் அங்கேயோ, பழைய மகாபலிபுரம் சாலையில் இன்னொரு கட்டடத்திலோ வேலைக்குச் சேரப்போகிறீர்கள். ஒரு ரீசார்ஜ் திட்டத்தை வகுக்கும் வேலை உங்களில் யாருக்காவது வரலாம். அதனால் போனைப் பற்றிப் பேசுகிறேன்.

பின்வரிசையில் இருக்கும் அப்பா அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். வெளியூருக்குப் பேச எஸ்.டி.டி. பூத்தில், இரவு கட்டணம் குறையும்வரை காத்திருந்து, மீட்டரில் ஓடும் சிவப்பு எண்ணைப் பார்த்தபடியே பேசியவர்கள் அவர்கள். 1994-ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியாருக்குக் கதவைத் திறந்தது. செல்போன் வந்தது, ஆனால் வருகிற அழைப்புக்கும் காசு. திரையில் எண்ணைப் பார்த்ததும் இணைப்பைத் துண்டித்துவிட்டு பூத்துக்கு ஓடியவர்கள் உண்டு. சந்தையைத் திறந்ததும் விலை தானாக விழுந்தது என்பார்கள். பாதிதான் உண்மை. 2003 மே 1 முதல், கூப்பிடுகிறவரே பணம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி செய்தது. பூக்காரம்மா கைக்கும் ஆட்டோக்காரர் கைக்கும் போன் போனதில் போட்டிக்கு எவ்வளவு பங்கோ, அந்த விதிக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இதே வட்டாரத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில், பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு தொண்ணூறுகளில் 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லா இணைப்பை உருவாக்கியது. அப்போது ஓர் இணைப்புக்கு முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு. பத்தாயிரத்துக்கு இறக்கினால் எத்தனை வீட்டுக்குக் கட்டுப்படியாகும் என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. கருவியைச் செய்துவிட்டு ஆள் தேடவில்லை. ஆளின் மடியில் இருக்கும் பணத்தைப் பார்த்துக் கருவியைச் செய்தார்கள். மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு அதன் வழியே இணையம் போனது. பின்னால் செல்போன் அதை முந்திவிட்டது. இருக்கட்டும், கேள்வி பழையதாகவில்லை.

ஆளை யோசிக்காத ஏற்பாட்டுக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2018 பிப்ரவரியில் ஏர்செல் செல்போன் நிறுவனம் படுத்தது நினைவிருக்கிறதா? எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் உரிமை 2011 முதலே நாடு முழுக்க இருந்தது. அதற்கு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். சிக்னலே இல்லாத போனிலிருந்து எப்படி அனுப்புவது? வங்கியிலும் கேஸ் ஏஜென்சியிலும் கொடுத்திருந்த எண்ணோடு தமிழ்நாடே கடை கடையாக அலைந்தது. டிராய் தலையிட வேண்டியதாயிற்று. காகிதத்தில் பிழையே இல்லாத ஏற்பாடுதான். நிறுவனம் மூழ்கும் நாளை யாரும் யோசிக்கவில்லை.

பிறகு நிறுவனங்கள் குறைந்தன, கட்டணம் ஏறியது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கூட்டின. பட்டன் போன் வைத்திருப்பவரும் டேட்டாவுக்குச் சேர்த்தே பணம் கட்டினார். நாட்டில் ஏறத்தாழ 15 கோடிப் பேர் 2ஜி-யில் இருந்தார்கள். பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனித் திட்டம் வேண்டுமென்று அந்த டிசம்பரில் டிராய் கட்டாயப்படுத்திய பிறகே அது வந்தது. இத்தனை கெட்டிக்காரர்கள் உட்கார்ந்து திட்டம் போடும் துறையில், அதைச் சொல்ல ஓர் ஒழுங்குமுறை ஆணையம் தேவைப்பட்டதுதான் எனக்கு உறுத்துகிறது.

உங்கள் பாட்டியின் போனுக்குப் போன மாதம் எந்தத் திட்டத்தில் ரீசார்ஜ் செய்தீர்கள்? வேலையில் சேரும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

வெயில் ஏறுவதற்குள் பட்டங்களைக் கொடுத்துவிடலாம்.