மூடிய கதவும் மூடாத வழியும்

ஊரிலுள்ள வங்கிக் கிளை மூடப்படப் போகிறது என்ற செய்தி பரவும்போது, அங்கே பெருந்தொகை வைத்திருப்பவர் அதிகம் கலங்குவதில்லை. அவருக்கு வாகனம் உண்டு. வேறு வங்கியில் வேறு கணக்கும் உண்டு. மலையுச்சித் தோட்டத்திலிருந்து ஒரு நாட் பேரை இழந்து, பஸ்வண்டியேறி வந்து, சிறு தொகையைப் போட்டும் எடுத்தும் பழகிய தொழிலாளிக்கே அது பெருங்கவலை. மூடப்படுவது ஒரு கதவுதான். ஆனால் அடுத்த கதவு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அவருடைய சேமிப்புப் பழக்கம் நிலைக்கும் அல்லது குலையும்.

பதுளைக்கும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களுக்கும் இக்கவலை புதிதன்று. ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு கிளையன்று, ஒரு பெரிய வங்கியே மூடப்பட்டது. அதனால் விளைந்த துன்பத்தையும், அத்துன்பத்தின் நடுவே நாடு கண்ட வழிகளையும் அறிந்து கொள்வது இன்றைக்கும் பயனுடையது.

அந்நாளில் மலைநாட்டின் செல்வம் தேயிலையன்று, கோப்பி. 1869 ஆம் ஆண்டில், பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமையில், கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறமான பொடி படிந்திருக்கக் கண்டனர். பேராதனைப் பூந்தோட்டத்தின் பணிப்பாளராயிருந்த துவைட்ஸ் அதன் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அதனை ஆராய்ந்த பெர்க்லி என்ற அறிஞர், அது ஒரு பூஞ்சண நோயென்று கண்டு, ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். அப்பெயரின் பிற்பகுதிக்குப் பாழாக்குவது என்பது பொருள். பெயருக்கேற்பவே பின்னர் யாவும் நடந்தன.

எனினும் நோய் தோட்டங்களை ஒரே நாளில் அழித்துவிடவில்லை. விளைச்சல் குறைந்தபோதிலும் கோப்பியின் விலை உயர்ந்திருந்தது. ஆகவே துரைமார் மேலும் மேலும் காடழித்துக் கோப்பி நட்டனர். அதற்கு வேண்டிய பணத்தை வங்கிகள் தோட்டங்களை ஈடாகக் கொண்டு கடனாகக் கொடுத்தன. பிறகு விலையும் வீழ்ந்தது. கடன் மட்டும் மிஞ்சியது. 1884 ஆம் ஆண்டு மே மாதம் 3 ஆந் திகதி, இலங்கையின் வாணிபத்தில் முன்னணியில் நின்ற ஓரியண்டல் பாங்க் கோர்ப்பரேஷன் தன் கொடுப்பனவுகளை நிறுத்திக் கதவை அடைத்தது.

அக்காலத்தில் நாட்டில் வழங்கிய நோட்டுகள் அரசாங்கத்தின் நோட்டுகளல்ல. தனியார் வங்கிகள் வெளியிட்டவை. வங்கி மூடப்பட்டதும், கையிலுள்ள நோட்டு காசா, காகிதமா என்ற ஐயம் கடைவீதியெங்கும் எழுந்தது. அவ்வேளையில் தேசாதிபதியாயிருந்த சேர் ஆர்தர் கோர்டன், அவ்வங்கியின் நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என அறிவித்தார். அதனால் கலக்கம் தணிந்தது. அவ்வாண்டிலேயே நோட்டு வெளியிடும் உரிமையை அரசாங்கம் தன் கைக்கொள்ளச் சட்டம் இயற்றப்பட்டது. 1885 இல் அரசாங்க நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தன.

நோட்டு வைத்திருந்தவருக்கு இவ்வாறு வழி பிறந்தது. தோட்டத் தொழிலாளியின் நிலை யாது? அவருட் பெரும்பாலார் வங்கியின் வாசலையே கண்டறியாதவர். ஆயினும் அடி அவர் மீதும் விழுந்தது. துரை வங்கியிற் பெற்ற முன்பணத்திலிருந்தே லயத்துக்கு அரிசியும் கூலியும் வந்தன. முன்பணம் நின்றதும் கூலியும் நின்றது. மாதக் கணக்கிற் கூலி காணாத தோட்டங்கள் பல. கங்காணியிடம் பட்ட கடனோ நிற்கவில்லை. வளர்ந்து கொண்டே போயிற்று. வங்கியில் ஒரு சதமும் வைத்திராதவரையும் வங்கியின் வீழ்ச்சி வாட்டும் என்பதை மலைநாடு அன்று கண்டறிந்தது.

இத்துன்பத்தைக் கண்டே, தொழிலாளரின் கூலி தோட்டத்தின் மீதுள்ள முதற் கடனாகக் கொள்ளப்பட வேண்டும் என 1884 இற் சட்டஞ் செய்யப்பட்டது. 1889 ஆம் ஆண்டின் சட்டம், கூலியை மாதந்தோறும் கணக்கிட்டு, அம்மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று விதித்தது. இன்றைய கண்ணுக்கு 60 நாள் நெடுங்காலமாகத் தோன்றலாம். அதையே சட்டத்தால் பெற வேண்டியிருந்தது என்பதிலிருந்து, அதற்கு முந்திய நிலையை ஊகித்துக் கொள்ளலாம்.

எளியவருக்கு அக்காலம் தந்த மற்றொரு நன்மை 1885 இல் தொடங்கிய தபாற் கந்தோர்ச் சேமிப்பு வங்கி. புகைவண்டி பதுளையை எட்டியது 1924 இல். அதற்கு நெடுங்காலம் முன்னரே கடிதங்கள் மலையேறிக் கொண்டிருந்தன. கடிதம் செல்லும் வழியிலேயே சேமிப்பும் செல்லலாம் என்பதே அத்திட்டத்தின் சிறப்பு. 1971 ஆம் ஆண்டின் சட்டத்தினால் அதுவும், 1832 இல் தோன்றிய இலங்கைச் சேமிப்பு வங்கியும், வேறு சேமிப்பு அமைப்புகளும் இணைந்து தேசிய சேமிப்பு வங்கியாயின. அதன் கணக்குகளைத் தபாற் கந்தோர்கள் வாயிலாகவும் நடத்தலாம். அங்கு வைக்கும் பணத்துக்கு அரசாங்கத்தின் உத்தரவாதமும் உண்டு.

1884 இன் அனுபவம் இரண்டு கேள்விகளை விட்டுச் சென்றது. பணம் பத்திரமாக இருக்கிறதா என்பது ஒன்று. அதனை எடுக்கும் வாசல் அருகில் இருக்கிறதா என்பது மற்றொன்று. வங்கி முறிவதும் வங்கிக் கிளை மூடப்படுவதும் ஒன்றல்ல. கிளை மூடப்படும்போது முதற் கேள்விக்கு அஞ்ச வேண்டியதில்லை. கணக்கு அழிவதில்லை, வேறு கிளைக்கு மாற்றப்படுகிறது. வங்கியே நலிவுற்றாலும் உதவுவதற்கு, 2010 முதல் வைப்புக் காப்புறுதித் திட்டம் நடைமுறையில் உள்ளது. அதன் எல்லை 2021 இல் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. கவலைக்குரியது இரண்டாங் கேள்வியே.

கிளை மூடப்படும் என்ற அறிவித்தல் கிடைத்ததும் செய்ய வேண்டியவை சில உண்டு. கணக்கு எந்தக் கிளைக்குச் செல்கிறது என்பதைக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். அடகு வைத்த நகை இருப்பின், அது எங்கே கொண்டு செல்லப்படுகிறது, எந்நாள் முதல் அங்கே மீட்கலாம் என்பதையும் அவ்வாறே பெற வேண்டும். அடகுச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். வெளிநாட்டிலோ கொழும்பிலோ வேலை செய்யும் மகள் அனுப்பும் பணம் அக்கணக்குக்கு வருமாயின், அவளுக்கும் உடனே அறிவிக்க வேண்டும். தமக்குப் பின் பணத்தைப் பெறுபவர் யார் என்ற நியமனம் சரியாக உள்ளதா எனப் பார்த்துக் கொள்வதற்கும் இதுவே தருணம்.

தூரத்துக்கு அஞ்சிக் கணக்கை மறந்துவிடுதல் கூடாது. பத்து ஆண்டுகள் எவ்வித நடமாட்டமுமின்றிக் கிடக்கும் பணம் கைவிடப்பட்டதாகக் கருதப்பட்டு மத்திய வங்கிக்கு மாற்றப்படும். அதன் பின்னரும் உரிமை கோரலாம். ஆனால் அலைச்சல் மிகுதி.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. டவுனுக்குப் போவது சிரமமென்று, வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கடைக்காரரிடமோ கடன் கொடுத்தவரிடமோ ஒப்படைப்பதே அது. முற்காலத்தில் தொழிலாளியின் கடனைக் குறித்த துண்டு பிறர் கையில் இருந்தது. அத்துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. ஒழிந்த துண்டு அட்டை வடிவில் மீண்டும் லயத்துக்குள் நுழைய இடங்கொடுக்கலாகாது.

கைத்தொலைபேசி மூலம் பணம் அனுப்பும் வசதி இன்று இளைஞருக்குக் கைவந்த கலை. முதியோருக்கு அதனைக் கற்றுக் கொடுப்பது நற்பணி. இரகசிய இலக்கத்தைக் கேட்டு வாங்குவது நற்பணியன்று. தொலைபேசியை மட்டும் நம்பியிருப்பதும் தகாது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் பதுளை மாவட்டத்தை வருத்தியபோது, மண்சரிவினால் வீதிகள் அடைபட்டன. பல இடங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயின. அத்தகைய நாட்களில் திறந்திருக்கும் வங்கியும் மூடிய வங்கியே. ஒரு கிழமைச் செலவுக்குரிய காசு வீட்டில் இருத்தல் நன்று.

தனியொருவராற் கேட்டுப் பெற முடியாததைத் தோட்டம் ஒன்றுபட்டுக் கேட்டால் பெறக்கூடும். சம்பள நாளையொட்டி மாதம் ஒருமுறை வங்கியின் நடமாடும் வண்டி தோட்டத்துக்கு வரவேண்டும் என்று கேட்கலாம். அண்மையிலுள்ள தபாற் கந்தோரில் சேமிப்புப் பணிக்குப் போதிய ஏற்பாடு வேண்டும் என்றும் கேட்கலாம். தொழிற்சங்கமும் தோட்ட நிருவாகமும் இதிற் சேர்ந்து நிற்பதே முறை. வங்கிகள் கணக்குப் பார்ப்பது தவறன்று. ஆனால் அக்கணக்கில், பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் நாட் பேரை இழந்து வருபவரின் பஸ் கட்டணமும் ஒரு வரியாக எழுதப்பட வேண்டும். அதனை எழுதுமாறு கேட்கும் உரிமை, அவ்வங்கியில் ஒரு சிறு தொகையை வைத்திருப்பவருக்கும் உண்டு.