மண்டைக்கனம்

(காரைக்காலில் நடந்த கூட்டமொன்றில் பேசியது)



இன்று ஒரு மண்டைக்கனம் பிடித்த பிராணியைப்பற்றிப் பேசப்போகிறேன். மண்டைக்கனம் என்றவுடன் உங்களுக்கு யார் யாரோ ஞாபகத்துக்கு வரலாம். நான் சொல்வது மனிதரையல்ல. ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் வாழ்ந்து அழிந்துபோன பாக்கிசெபலோசாரஸ் என்னும் டைனோசரைத்தான் சொல்கிறேன். தடித்த தலைப் பல்லி என்பது அப்பெயரின் பொருள். இரண்டு காலால் நடப்பது. சுமார் 15 அடி நீளம். தலையோ சட்டியைக் கவிழ்த்து வைத்தாற்போல் இருக்கும். உச்சி எலும்பின் கனம் மாத்திரம் 9 அங்குலம்!

இவ்வளவு கனம் எதற்கு? நமது புராணிகரைக் கேட்டால், பிரம்மா தலையெழுத்து எழுதத் தாராளமாக இடம் விட்டான் என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார். ஆராய்ச்சிக்காரர்கள் அப்படிப் போகவில்லை. ஆட்டுக்கடாக்களைப்போல் ஒன்றோடொன்று முட்டிச் சண்டையிட்டிருக்கும் என்றனர் சிலர். 2004-ல் குட்வின், ஹார்னர் என்ற இருவர் மண்டையை அறுத்துப் பார்த்து, உள்ளெலும்பின் அமைப்பு முட்டுவதற்காக ஏற்பட்டதல்ல, தன் இனத்தை அடையாளங் கண்டுகொள்ளவே இந்தத் தலை என்று மறுத்தனர். பிறகு 2013-ல் பீட்டர்சன் முதலியோர் இவ்வினத்தின் 109 மண்டைகளைச் சோதித்ததில், நூற்றுக்கு 22 மண்டைகளில் அடிபட்டுப் புண்ணாகிச் சீழ்பிடித்த தழும்பு இருந்தது. தட்டைத் தலையுள்ளவற்றில் அத்தழும்பு இல்லை. ஆகவே முட்டல் கட்சிக்குப் பலம் கூடிற்று. எந்த ரிஷியும் ஞானதிருஷ்டியால் கண்டு சொன்னதல்ல இது. தழும்பே சாட்சி சொல்லுகிறது.

நிற்க. இந்த மண்டைக்கனப் பிராணி நம் பக்கத்தில் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். நம் காரைக்காலைப் போலவே பிரெஞ்சுக்கொடி பறந்த மடகாஸ்கர் தீவில் கிடைத்த குமிழ்போன்ற மண்டையெலும்பு ஒன்றைப் பார்த்து, 1979-ல் சூயஸ், டாக்கே என்ற இரு அறிஞர்கள் இதுவும் அவ்வினமே என்று முடிவுகட்டி, மஜுங்கதோலஸ் என்று பெயரும் இட்டார்கள். மடகாஸ்கரும் நம் நாடும் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை ஒட்டிக்கிடந்தவை. ஆகையால் இது நமக்கும் சம்பந்தப்பட்ட செய்தியே. ஆனால் 1996-ல் அதே தீவில் ஒரு முழு மண்டையோடு கிடைத்தது. பார்த்தால் வாய் நிறையக் கத்திப்பல்! இலை தின்னும் பிராணியல்ல, புலால் தின்னும் பிராணி. குமிழ் என்று நினைத்தது அதன் நெற்றிக்கொம்பின் அடி. பழைய முடிவு தள்ளப்பட்டது. யாரும் கோவில் கட்டி அந்த முதல் முடிவைக் காப்பாற்றவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மத்தியப்பிரதேசத்துத் தார் ஜில்லாவில், பட்லியா கிராமத்தார் உருண்டைக் கற்களைக் காகர் பைரவர் என்று தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டு வந்தார்கள். 2023-ல் வந்த ஆராய்ச்சியாளர்கள் அவை டைனோசர் முட்டைகள் என்று தெரிவித்தார்கள். நீங்கள் சிரிக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சிரிப்பு நம் பக்கமும் திரும்பும்.

நாம் மண்டைக்கனத்துக்கு மடகாஸ்கர் பெயர் இட்டதைப் பார்த்த அதே 1979-ல், அரியலூர்ப் பக்கத்தில் எடுத்த எலும்புகளைக்கொண்டு யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர் ஒரு டைனோசரை அறிவித்தார்கள். முதுகில் தகடு நிற்கும் ஸ்டெகோசார் இனம் என்றார்கள். பெயர் என்ன தெரியுமா? திராவிடோசாரஸ்! (கைதட்டல்.)

இந்தக் கைதட்டல் எதற்கு என்று கேட்கிறேன். எலும்புக்கா, பெயருக்கா? 1996-ல் சங்கர் சாட்டர்ஜி முதலியோர் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்து, இடுப்பெலும்பும் காலெலும்பும் பிளீசியோசார் என்ற கடற்பிராணியுடையவை என்று எழுதினார்கள். அந்தப் பாறையும் கடலடியில் படிந்ததே. அன்று அங்கே அலையடித்தது. கரையில் செத்த மிருகம் மிதந்து கடலுக்குப் போகவுங்கூடும். ஆகையால் பாறையை மாத்திரம் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மண்டையோட்டைக் காட்டி வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. நம் பெயரைத் தாங்கியதென்பதற்காக அந்த எலும்பு டைனோசர் ஆகிவிடாது. ஆரியோசாரஸ் என்று பெயர் வைத்திருந்தால் நம்மில் எத்தனைபேர் சாட்டர்ஜி பக்கம் உடனே சேர்ந்திருப்போம்!

நிரவியில் எண்ணெய்க் கழகத்தார் இறக்குகிற குழாய், காவிரி வண்டலைத் தாண்டி ஆழப் போனால் அரியலூர்க் காலத்துப் பாறைகளையே துளைக்கிறது. நம் காலுக்கடியில் என்ன மண்டை கிடக்கிறதோ! மேலே கிடப்பதைப் பார்க்க வேண்டுமானால் அரியலூரை அடுத்த வாரணவாசியில் கல்லான எலும்புகளுக்கென்று ஒரு காட்சிசாலை இருக்கிறது. சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றில் செலவிடுகிற ரூபாயில் ஒரு பங்கு போதும். பெண்பிள்ளை, ஆண்பிள்ளை எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு எலும்புக்கும் முன்னால் நின்று, "இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள்.