கணக்கு யந்திரங்களுக்கு ஒரு பொது மொழி

(வேங்கிக்காலில் உழவர் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த நாளில் நெல் விற்றவர் பட்ட தொல்லையை நாம் கேட்டிருக்கிறோம். கணிப்பொறிகளும் தொடக்கத்தில் அவ்வாறே இருந்தன. ஒரு கம்பெனியின் யந்திரத்துக்கென எழுதிய சம்பளக் கணக்குக் கட்டளைகள் மற்றொன்றில் செல்லா. யந்திரத்தை மாற்றினால் எல்லாவற்றையும் மீண்டும் எழுத வேண்டும்.

இதைத் தவிர்க்கவே 1959-ல் அமெரிக்க அரசாங்கத்தாரும் யந்திரம் செய்வோரும் கூடி, 'கோபால்' என்னும் பொது மொழியை வகுக்கத் தொடங்கினர். பெயர் நம்மூர்ப் பெயர்போல் ஒலித்தாலும், அது ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே! 1960 டிசம்பரில் ஏறக்குறைய ஒரே கட்டளைத் தொடர் ஆர்.சி.ஏ., யூனிவாக் ஆகிய இருவேறு யந்திரங்களிலும் ஓடிற்று.

ஆயினும் வட்டார வழக்குகள் ஒழியவில்லை. பரோஸ் கம்பெனியின் நடுத்தர யந்திரத்துக்கென எழுதிய மருத்துவமனைக் கணக்கை, அதே கம்பெனியின் சிறு யந்திரத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டியதாயிற்று. அப்பணியை 1974-ல் பம்பாயில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தார் ஏற்று, ஐ.சி.எல். 1903 என்னும் வேறொரு யந்திரத்தைக் கொண்டே முடித்தனர். அந்நிறுவனத்தின் முதல் மென்பொருள் ஏற்றுமதி அதுவே.

நம் உழவர் சங்கங்கள் இன்று கணக்கு எழுத மென்பொருள் வாங்குகின்றன. விலை பேசுமுன் இரண்டு கேள்விகள் கேட்குமாறு வேண்டுகிறோம். வேறு கணிப்பொறியிலும் இது ஓடுமா? விற்றவர் கடையை மூடிவிட்டால், நம் பாக்கி வரவுக் கணக்கை நாமே வெளியே எடுக்க இயலுமா?